வேப்பமரத்து அலைவாயும் அத்தாயம்மாளின் குரலும்

கரட்டுவலசு ஊராட்சி, மாரியம்மன் கோயில் முச்சந்தி, நான்காம் எண் ஓட்டு வீட்டில் வசித்துவந்தவரும், காலஞ்சென்ற தறி மேஸ்திரி குழந்தைவேல் அவர்களின் இளைய புதல்வரும், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தாமே பயின்று தாமே தேறிய ஒலிபெருக்கி வல்லுநருமான திருவாளர் கு. செங்கோட்டுவேல் அவர்களுக்கு, இங்கே சொல்லப்படும் நிகழ்ச்சி நேர்ந்தபோது அகவை அறுபத்து மூன்று நிறைந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

அவ்வூரில் மேற்கு வீதி முழுவதும் விசைத்தறிகள். கிழக்கு வீதியில் பள்ளிக்கூடம், கடைகள், தறிக்கு நூலை நீட்டிப் பாவு ஓட்டும் களம். இரண்டு வீதிகளும் வந்து முட்டும் இடத்தில் கோயில். கோயிலுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்திற்குப் போகும் தார்ச்சாலை. கல்யாணமோ கருமாதியோ கட்சிக் கூட்டமோ எதுவானாலும் சுற்று வட்டாரத்து ஒலிபெருக்கிக்காரர்கள் தகரக் குழாய்களைக் கொண்டுவந்து கோயில் முன்னுள்ள வேப்பமரத்தில் கட்டுவார்கள். செங்கோட்டுவேல் மட்டும் கட்டமாட்டார். தகரக் குழாய் கத்துமே தவிரப் பேசாது என்பது அவருடைய தீர்ப்பு. முன்வரிசையில் உட்கார்ந்தவனுக்குக் காது கிழியாமலும், கடைசி வரிசையில் நின்றுகொண்டு வேர்க்கடலை தின்பவனுக்கு ஒரு சொல் தவறாமலும் ஒலி சென்று சேர வேண்டும் என்பதற்காக, முப்பத்து நான்கு ஆண்டுகளாகப் பலகை அறுத்துப் பெட்டி செய்து, அதில் பெரிய ஒலிபெருக்கியைத் தாழ்ந்த ஒலிகளுக்கும் டுவீட்டர் எனப்படும் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியை உயர்ந்த ஒலிகளுக்கும் பூட்டி, பாட்டை நடுவில் நின்று இரண்டாகப் பங்கிட்டுத் தரும் கிராஸ்ஓவரை ஒற்றைச் சுருளும் ஒற்றைக் கெப்பாசிட்டரும் வைத்துத் தம் கையாலேயே கட்டிவந்தார்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஐப்பசித் திருவிழாவுக்கென அவர் செய்த பெட்டியோ அதுவரை செய்தவற்றையெல்லாம் விஞ்சியது. டுவீட்டரின் ஒலி கண்டபடி சிதறுகிறது, சுவரில் பட்டுத் திரும்புகிறது, பெரிய ஒலிபெருக்கியின் ஒலிக்கு ஒரு விரற்கடை முன்னதாகவே ஓடிவந்து காதில் விழுகிறது என்று கண்ட அவர், காற்றில் சாய்ந்த முற்றிய வேப்பமரத்தின் அடித்துண்டு ஒன்றைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, ஊமத்தம்பூவைப்போல ஆழமாகவும் இல்லாமல் பூசணிப்பூவைப்போல மலர்ந்தும் விடாமல், இரண்டுக்கும் நடுவான ஒரு வளைவில் வாய் ஒன்றைக் கடைந்து, அதன் அடியில் டுவீட்டரைப் பின்தள்ளிப் பதித்தார். அதற்கு அலைவாய் என்று தாமே பெயரும் இட்டார். கிராஸ்ஓவரையும் இம்முறை இரண்டு சுருளும் இரண்டு கெப்பாசிட்டரும் கொண்ட இரட்டைக் கட்டாக அமைத்தார். இரண்டு சுருள்களையும் மனைவி தறிக்குத் தார் நூல் சுற்றும் ராட்டையிலேயே செப்புக் கம்பியைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார். பாட்டை எந்த இடத்தில் பிரிப்பது என்ற கேள்வி வந்தபோது, அளவு கருவி எதையும் நாடாமல், உலகத்தில் தமக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒலி எதுவோ அதன்மேலேயே கோடு கிழித்தார். அது, நாற்பது ஆண்டுகளாகச் சமையற்கட்டிலிருந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மனைவி அத்தாயம்மாளின் குரல்.

திருவிழாக் கம்பம் நட்ட நாள் காலை ஆறு மணிக்குப் பெட்டி கோயில் மேடையில் ஏறியது. முதற்பாட்டு ஒலித்தபோது மேற்கு வீதிக்குள் மத்தளமும் பாடகரின் நெஞ்சொலியும் மட்டும் சென்றன. கிழக்கு வீதிக்குள் தாளமும் சலங்கையும் பாடகரின் உதட்டொலியும் மட்டும் சென்றன. முச்சந்தியில் நின்றவர்கள் மட்டும் முழுப்பாட்டைக் கேட்டார்கள். பாட்டு முடிந்து, திருவிழா முடிந்து, மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பங்கீடு அப்படியே நின்றது. அன்றிலிருந்து மேற்கு வீதியில் யார் பேசினாலும் பேச்சின் கனத்த பாதி மட்டுமே கேட்டது. கிழக்கு வீதியில் கூரிய பாதி மட்டுமே கேட்டது.

ஊர் ஒரு வாரம் முணுமுணுத்தது. இரண்டாம் வாரம் வழி கண்டுபிடித்தது. மூன்றாம் வாரம் அதைப் பேசுவதையே விட்டுவிட்டது. காய்கறி விற்பவள் மேற்கு வீதியில் தக்காளி என்று கூவினால் பசுமாடு கன்றைத் தேடுவதுபோலவும், கிழக்கு வீதியில் கூவினால் கடுகு பொரிவதுபோலவும் கேட்டதால், அவள் முச்சந்தியில் கூடையை இறக்கிவைத்து அங்கேயே கூவத் தொடங்கினாள். மேற்கு வீதிச் சண்டைகளில் வசவுகளெல்லாம் கொட்டாவிபோல வெளிப்பட்டதால் திட்டியவர்களுக்கே தூக்கம் வந்து, சண்டைகள் குறைந்தன. கிழக்கு வீதிச் சண்டைகள் எண்ணெய்ச் சட்டி காய்வதுபோல இருந்தாலும், யார் யாரை என்ன சொன்னார் என்று விளங்காததால் பஞ்சாயத்துக்கு வரவில்லை. இடி மேற்கு வீதியில் மட்டும் இடித்தது. கிழக்கு வீதியார், காயவைத்த வடகத்தை உள்ளே எடுக்க, இடித்ததும் சேதி அனுப்பும்படி மேற்கு வீதியிலுள்ள சம்பந்திகளிடம் சொல்லிவைத்தார்கள். கார்த்திகையில் நடந்த ஒரு திருமணத்தில் தவிலை மேற்கிலும் நாகசுரத்தைக் கிழக்கிலும் உட்காரவைத்து, மணமக்களைச் சரியாக முச்சந்தியில் நிறுத்தித் தாலி கட்டினார்கள். அதுவே பிறகு வழக்கமும் ஆயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, மேற்கு வீதியின் எழுபது தறிகளும் தங்கள் கூர்மையான சத்தத்தைக் கிழக்கே அனுப்பிவிட்டு, வெறும் அடித்துடிப்பாக, தொட்டிலாட்டுவதுபோல ஓடின. கிழக்கு வீதிக்குப் போய்ச் சேர்ந்த சத்தமோ தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல இதமாக இருந்தது. முப்பது வருடமாகக் கத்திக் கத்திப் பேசிய தறிக்காரர்கள் தொண்டைக்கு ஓய்வு கொடுத்தார்கள். பிறந்த குழந்தைகள் பகலில் தூங்கின.

ஆனால் இரண்டு வீதிக்கும் சேராமல் நடுவில் ஒரு பொத்தல் விழுந்திருந்ததைச் சிலரே கவனித்தார்கள். பால்காரரின் சைக்கிள் மணி, கிணற்று ராட்டினத்தின் கிறீச்சு, பல்லி சொல்லும் பலன் ஆகிய இவையெல்லாம் எந்த வீதியிலும் கேட்கவில்லை, முச்சந்தியிலும் கேட்கவில்லை. அவற்றுக்காக யாரும் வருந்தவில்லை. அந்தப் பொத்தலுக்குள்தான் அத்தாயம்மாளின் குரலும் முழுதாக, மிச்சமில்லாமல், விழுந்திருந்தது.

செங்கோட்டுவேலுக்கு அது இரண்டு நாள் தெரியாது. மனைவி தம்மோடு பேசாமல் இருப்பதாக நினைத்து, அதற்குரிய காரணங்களைத் தமக்குள் அடுக்கிப் பார்த்தார். ராட்டையைக் கம்பி சுற்றக் கேட்டது, வேப்பந்தூளை அரிசிப் பானையருகே கூட்டிவிட்டது, கம்பம் நட்ட அன்று வந்த சம்பந்தியை வாங்க என்று சொல்ல மறந்தது என்று காரணங்கள் தாராளமாகவே இருந்தன. மூன்றாம் நாள் அந்த அம்மையார் அவர் முன்னால் வந்து நின்று, வாயை அகலத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தி, அப்படியும் ஓர் ஒலிகூட வராததைக் காட்டிவிட்டு, கையிலிருந்த பித்தளைச் சொம்பைத் தரையில் போட்டார். சொம்பு மட்டும் கேட்டது.

வைத்தியர் தொண்டையில் குறையில்லை என்றார். தம்பி ஊரான வாய்க்கால்மேட்டுக்குப் போக அம்மையார் ஏறிய பேருந்து ஊர் எல்லைக் கல்லைத் தாண்டியதும் குரல் தானாக வந்தது. திரும்பி வரும்போது அதே கல்லருகே பாதிச் சொல்லில் நின்றது. ஆகவே குற்றம் பெட்டியில்தான் என்று ஊரே அறிந்தது. செங்கோட்டுவேல் பெட்டியை இறக்கிப் பிரிக்கப் போனார். மேற்கு வீதித் தாய்மார்கள் குழந்தைகளோடு வந்து மேடையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பெட்டியில் எவரும் கைவைக்கலாகாது என்று ஊராட்சித் தலைவர் அர்த்தநாரி, மிகுந்த மரியாதையோடு, கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். ஒருத்தர் குரலுக்காக எழுபது தறியைக் கத்தவிடுவதா என்று வெளிப்படையாகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் எல்லோரும் அதையே நினைத்தார்கள்.

பெட்டியைத் தொட முடியாதவர் தாளில் தொட்டார். கார்த்திகையும் மார்கழியும் அவர் கிராஸ்ஓவரின் படத்தை வரைந்து வரைந்து பார்த்தார். சுருள் சரி, கெப்பாசிட்டர் சரி, அலைவாயின் வளைவு சரி. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிசகாத தம் விதியின்படி, டுவீட்டருக்கும் சரி, பெரிய ஒலிபெருக்கிக்கும் சரி, சிவப்பு ஒயரைச் சிவப்பு முனையிலும் கருப்பு ஒயரைக் கருப்பு முனையிலும் கொடுத்திருந்தார். ஒயரை மாற்றிக் கொடுப்பவன் அரைகுறை என்பதில் அவருக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. பெட்டியில் பிழையில்லை என்று மனைவியிடம் நாள்தோறும் சொன்னார். நாற்பது ஆண்டு இல்லறத்தில் முதன்முறையாக வாக்குவாதத்தின் கடைசிச் சொல் அவருடையதாக இருந்தது. அது அவருக்கு இனிக்கவில்லை.

மாட்டுப்பொங்கல் கழிந்த மறுநாள் அத்தாயம்மாள் துணிப்பையை எடுத்துக்கொண்டு வாய்க்கால்மேட்டில் இருக்கும் தம்பி மாரப்பன் வீட்டுக்குக் கிளம்பினார். செங்கோட்டுவேல் பையை வாங்கிச் சுமந்துகொண்டு எல்லைக் கல்வரை நடந்தார். கல்லைத் தாண்டி நான்கடி சென்றதும் அம்மையார் திரும்பி நின்று, நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

“கோவிச்சுக்கிட்டுப் போறன்னு நெனைக்காதீங்க. நாப்பது வருசமா பேசிப் பேசித்தான் இந்தக் குடும்பத்த நடத்துனன். வாய மட்டும் அசைச்சுக்கிட்டு ஒரு ஊட்டுல என்னால இருக்க முடியாதுங்க. என்ற கொரலு எந்த ஊர்ல இருக்குதோ அந்த ஊர்ல நானும் இருந்துக்கறன்.”

“பொட்டியில தப்பே இல்ல, அத்தாயி.”

“அப்பறம் தப்பு என்ற தொண்டையிலயா?”

செங்கோட்டுவேல் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். வீட்டில் அன்று அவர் வைத்த ரசத்தில் உப்பில்லை என்பதைச் சொல்லவும் ஆளில்லை.

ஐந்து நாள் பொறுத்து, ஆறாம் நாள் காலை, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அவரே வாய்க்கால்மேட்டுக்குப் போனார். வாசலில் மாரப்பன் வரவேற்று, “வாங்க மாமா. அக்கா வந்ததுலயிருந்து எங்கூட்டு டீவிய நாங்க போடறதே இல்லீங்க, இவத்திக்கே ஊட்டுக்குள்ளயே எல்லாச் சேதியும் கெடைச்சுருது” என்றார். அக்காள் வாய்க்காலில் துவைத்துக்கொண்டிருப்பதாகக் கைகாட்டினார்.

அங்கே அத்தாயம்மாள் இரண்டாள் படுக்கும் ஜமுக்காளம் ஒன்றை அலசி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு முனையைப் பிடித்துத் தனியாளாகத் திணறிக்கொண்டிருந்தார். கணவரைக் கண்டதும் நலம் விசாரிக்காமல் மறுமுனையை அவர் கையில் திணித்தார். இருவரும் எதிரெதிராக நின்று முறுக்கினார்கள். ஜமுக்காளம் கயிறுபோல உருண்டுகொண்டே இருந்ததே ஒழிய, ஒரு சொட்டு நீரையும் விடவில்லை.

“ஏனுங்க, நான் முறுக்கற பக்கமே நீங்களும் முறுக்கிக்கிட்டு நிக்கறீங்க?”

“ஒரு வேலையில எறங்குன ரெண்டு பேரும் ஒரே பக்கந்தான் முறுக்கோணும். அதுதான் மொறை.”

“மொறையப் பாத்தா இது உருளுமுங்க, புழியாது. நான் ஏற்கனவே இந்தப் பக்கந் திருப்பியாச்சு. நீங்க அதுக்கு எதுத்தாப்புல திருப்புனாத்தான் உங்க பலமும் என்ற பலமும் ஒண்ணாச் சேரும்.”

அவர் எதிர்ப்பக்கம் திருப்பினார். இருவர் கைக்கும் நடுவே இருந்த ஜமுக்காளம் ஒரே முறுக்கில் குடம் தண்ணீரைக் கொட்டியது. செங்கோட்டுவேல் நனைந்த செருப்போடு அப்படியே நின்றார். ஒற்றைக் கட்டில் சுருள் அரைக்கால் திருப்பம் பின்னுக்கு இழுக்கும், கெப்பாசிட்டர் அரைக்கால் திருப்பம் முன்னுக்குத் தள்ளும். அதில் ஒயரை நேருக்கு நேர் கொடுத்தாலும் பெரிய கெடுதல் வராது. தாம் செய்ததோ இரட்டைக் கட்டு. அதில் இழுப்பும் தள்ளலும் இரட்டித்து, பாட்டைப் பிரிக்கும் இடத்தில் இரண்டு ஒலிபெருக்கிகளும் அரைத் திருப்பம் மாறி நிற்கும். ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கும். நடுவில் காற்று அசையாது. கிராஸ்ஓவர் ஏற்கனவே ஒரு பக்கம் திருப்பிவிட்டதைத் தாமும் ஒருமுறை எதிர்ப்பக்கம் திருப்பித் தந்திருந்தால் இரண்டும் சேர்ந்திருக்கும். சிவப்பைச் சிவப்போடு சேர்த்த தம் நேர்மைதான் நாற்பது ஆண்டுக் குரலைத் தின்றது.

இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. ஜமுக்காளத்தை வேலியில் காயப்போட்டுவிட்டு, இருபத்தாறாம் தேதி காலைப் பேருந்தில் வந்துவிடுமாறு மட்டும் சொல்லி, அடுத்த வண்டியிலேயே ஊர் திரும்பினார்.

இருபத்தாறாம் தேதி குடியரசு நாள். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, வழக்கம்போல முச்சந்தியில் கிராமசபை கூடியது. செங்கோட்டுவேல் எழுந்து, பெட்டியை உடைக்கப் போவதில்லை, இறக்கப் போவதில்லை, வீதிகளின் பங்கீட்டுக்கும் குறை வராது, டுவீட்டருக்குப் போகும் இரண்டு ஒயர்களை மட்டும் இடம் மாற்ற அனுமதி வேண்டும் என்று கேட்டார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. மேற்கு வீதியிலிருந்து இரட்டைப் பிள்ளைகளை இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு வந்திருந்த பூங்கோதை முன்னால் வந்தாள்.

“என்ற புள்ளைக ரெண்டும் இந்த மூணு மாசமாத்தான் தூங்குதுக. மறுபடியும் தறிச்சத்தம் வந்துச்சுன்னா, மாமா, தொட்டிலக் கொண்டாந்து உங்கூட்டு உத்தரத்துலதான் கட்டுவன். ராத்திரி முழுக்க நீங்கதான் ஆட்டோணும்.”

“கட்டிக்க, தாயி. ஆனா அதுக்கு வேலை வராது.”

தலைவர் அர்த்தநாரி தொண்டையைச் செருமினார். “ரெண்டே ஒயருங்களாண்ணா?”

“ரெண்டே ஒயரு. இருக்கற எடத்த மாத்தோணும்.”

“அப்ப மொதல்ல வெச்ச எடம் தப்புங்களா?”

செங்கோட்டுவேல் கொடிக்கம்பத்தைப் பார்த்தபடி, அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். கூட்டம் சிரித்தது. பங்கீட்டுக்குக் குறை நேர்ந்தால் பெட்டியைத் தம் கையாலேயே கோடரி கொண்டு பிளந்து அடுப்புக்குத் தருவதாக அவர் எழுதிக் கையொப்பமிட்ட பிறகு அனுமதி கிடைத்தது. ஊராட்சி எழுத்தர் அந்தத் தாளை மடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

மேடை ஏறிப் பின்பலகையைக் கழற்றினார். சிவப்பு ஒயரை எடுத்துக் கருப்பு முனையில் வைத்துத் திருகினார். அரைகுறை என்று அவர் வாழ்நாளெல்லாம் யாரைச் சொல்லிவந்தாரோ அவர்கள் செய்வதைப்போலவே, கருப்பை எடுத்துச் சிவப்பு முனையில் வைத்தார். திருகு கடைசிச் சுற்று இறுகிய அதே கணம், ஒன்றரை மைல் தள்ளி, வாய்க்கால்மேட்டுப் பேருந்து எல்லைக் கல்லைத் தாண்டியது. அப்போது மேற்கு வீதியில் தறிகள் முன்போலவே தாலாட்டிக்கொண்டிருந்தன. கிழக்கு வீதியில் தூறல் முன்போலவே விழுந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு ஒலிகளுக்கும் மேலாக, இரண்டு வீதிகளிலும் ஒரே அளவாக, ஒரு சொல் குறையாமல், பக்கத்து இருக்கைக்காரியிடம் பேசிக்கொண்டு வரும் ஒரு பெண்ணின் குரல் எழுந்தது.

“வரச்சொன்னாரு, வாரன். எது தப்புன்னு மட்டும் வாயத் தொறக்குல. செத்தாலும் சொல்லமாட்டாரு எங்கூட்டுக்காரரு. பொட்டி ரிப்பேராகும், கரண்டு ரிப்பேராகும், கட்டுன பொண்டாட்டி தொண்டையும் ரிப்பேராகும். அவுரு மட்டும் அறுவத்து மூணு வருசமா ரிப்பேரே ஆனதில்லீங்க.”

தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். கிழக்கு வீதிக் கடைக்காரர்கள் தராசைப் பிடித்தபடியே நின்றார்கள். மூன்று மாதங்களுக்குப் பிறகு இரண்டு வீதிகளும் ஒரே வாக்கியத்தைக் கேட்டன. பிரிக்கும் கோட்டின் மேலேயே நிற்கும் குரல் என்பதால் அது இரண்டு பக்கமும் சமமாகப் பாய்ந்தது. மனிதக் குரல்களில் அது ஒன்றுதான் அவ்வூரில் அவ்வாறு பாயக்கூடியது. பூங்கோதையின் பிள்ளைகள் கண்விழிக்கவில்லை.

பேருந்து வந்து நின்றது. தாம் பேசியதை ஊர் கேட்டது என்பது அறியாமல் இறங்கிவந்த அத்தாயம்மாள், முச்சந்தியில் இத்தனை முகங்கள் தம்மையே பார்ப்பதைக் கண்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டார். செங்கோட்டுவேல் திருப்புளியை மேடைமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். இரண்டு வீதிகளும் வாசலில் நின்று பார்த்தன.

“அத்தாயி, தப்பு என்னுதுதான். கருப்பு வெக்க வேண்டிய எடத்துல செவப்ப வெச்சுப்போட்டன்.”

மேற்கு வீதியாருக்கு அது தொலைவில் உருளும் வண்டிச் சத்தமாகக் கேட்டது. கிழக்கு வீதியாருக்கு உளுந்து புடைப்பதுபோலக் கேட்டது. முச்சந்தியில் நின்ற தலைவர், எழுத்தர், பூங்கோதை, இன்னும் நாற்பது ஐம்பது பேர் மட்டும் அதை முழுமையாகக் கேட்டார்கள். அத்தாயம்மாள் அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

“கேட்டுச்சுங்க” என்றார். அதை மட்டும் இரண்டு வீதிகளும் கேட்டன.

கோயில் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கவும், டுவீட்டரின் ஒயர்கள் மாற்றி வைத்தது மாற்றி வைத்தபடியே நிற்கவும், ஊராட்சியின் அறிவிப்புகள் யாவும் இரண்டு வீதிக்கும் விளங்கும்படி அத்தாயம்மாள் அவர்கள் வாயாலேயே சொல்லப்படவும், ஒயர் இணைப்பில் நேர்ந்த பிழை தம்முடையதே என்று திரு. கு. செங்கோட்டுவேல் அவர்கள் சபை நடுவே ஒப்புக்கொண்டதைக் குறிப்பில் ஏற்றவும் தீர்மானிக்கப்பட்டு, எழுத்தரால் உரக்க வாசிக்கப்பட்டு, எதிர்ப்பின்றி நிறைவேறியது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு சனவரித் திங்கள் இருபத்தாறாம் நாள், தை பதின்மூன்று, வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்றே கால் மணிக்கு.